முற்றத்தில் ஒரு பிரேக் வேலை

மருத்துவமனை ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. ஏறும்போது வண்டி முக்கி முனகும், அது பழகிப்போன விஷயம். அந்த வெள்ளிக்கிழமை இறங்கும்போதுதான் டிரைவரம்மா புதிதாக ஒன்றைக் கவனித்தாள். பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டீயரிங் கையை உதறியது. முன்பக்கத்திலிருந்து, கரண்டியால் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வண்டி மொத்தமாக நடுங்கியது.

பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து, பிழிந்துபோட்ட துணி மாதிரி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கண் விழித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் குரலுக்கு ஓய்வு கொடுக்காத டீச்சரம்மா.

"என்னம்மா, வண்டிக்கும் நம்மள மாதிரி குளிர் ஜுரமா?"

"ரோடு சரியில்ல டீச்சர்" என்றாள் டிரைவரம்மா. ரோடு நன்றாகத்தான் இருந்தது. கியரைக் குறைத்து, ஊர்ந்து ஊர்ந்து வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தாள்.

அந்த வேன் அவள் கணவருடையது. அவர் மெக்கானிக். பாதி உயிரோடு கிடந்த வண்டியை வாங்கி, எஞ்சினைப் பிரித்துப்போட்டு, தானே பூட்டி ஓடவிட்டவர். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் எப்போதோ சலித்துப்போய் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓடிய தூரம் வண்டிக்கும் அவருக்கும்தான் தெரியும். பல வருடம் அவர் ஓட்டினார். விடுமுறை நாளில் அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவார். அந்தக் கையில் எந்த ஸ்பேனரை வைக்க வேண்டும் என்பது, கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்துவிட்டது. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் "சரி"தான். வேண்டாமென்றாலும் "சரி"தான். கோபம் வந்தால் "சரி, சரி, சரி" என்று நெருப்பாக வரும். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைப்பது மட்டும் வாய்க்கு வரும் வழியில் வேறாகிவிடும். "இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் நின்றுவிடும்" என்றார் மருத்துவர். முகத்தையும் கண்ணையும் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பத்தில் ஏழு தடவை அவள் சரியாகப் பிடித்துவிடுவாள். மீதி மூன்று தடவை இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் விழுந்த மறுமாதமே அவள் வண்டியை எடுத்துவிட்டாள். லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் குறைவு. முதல் வாரத்திலேயே நோயாளிகள் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில் வட்டவட்டமாக வாய்க்கால் வெட்டியிருந்தது. ஓரம் கத்தி மாதிரி எழும்பி நின்றது. டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பேட் தேய்ந்து, வெறும் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு, நாற்காலியில் இருந்த அவர் இடது கையால் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் காட்டி, அந்தக் கையை வேகமாக அசைத்தார். ஓட்டாதே என்பதுதான் அது. இதில் தப்பாகப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அவருடைய பழைய கூட்டாளியின் பட்டறை பூட்டிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். மற்ற இரண்டு பட்டறையிலும் ஒரே பதில்: "விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை பார்ப்போம்." திங்கட்கிழமை காலை நான்கு பேரும் மேட்டுக்கு மேலே போயாக வேண்டும். டயாலிசிஸ் புதன்கிழமை வரை பொறுக்காது. சனிக்கிழமை உதிரிபாகக் கடைக்குப் போய் இரண்டு டிஸ்க்கும் ஒரு செட் பேட்டும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நானே மாட்டிவிடுகிறேன் என்று அவள் சொன்னதும், அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலுக்கடியில் இருந்த கருவிப்பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். அவருடைய ஒரே தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயை முதலாக வைத்துப் பிழைப்பவன், அதனால் வாய் ஓய்ந்திருக்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றி அண்ணியிடம் பேசுவான். அன்றைக்கும் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, எத்தன தடவ சொல்லிட்டேன். இந்த டப்பாவத் தள்ளிவிட்ருங்க. என்கிட்ட ஆள் இருக்கு. வந்து பார்த்து, கையோட எடுத்துட்டுப் போயிடுவான்."

"நாலு பேரு என்னை நம்பி இருக்காங்க தம்பி."

"நாலு பேருக்கும் வேற வண்டி கிடைக்கும். உங்களுக்கு ஏதாவது ஆனா அண்ணனுக்கு யாரு?"

நாற்காலியிலிருந்து "சரி" என்று ஒரு உறுமல் வந்தது.

"பாருங்க, அண்ணனே சரின்னுட்டாரு."

"அவரு உங்கள வாய மூடச் சொல்றாரு" என்றாள் அவள். கொழுந்தன் சிரித்துவிட்டான். மனதில் விஷம் இல்லாதவன். அதனால்தான் அவனோடு முழுதாகச் சண்டை போடவும் முடிவதில்லை. வண்டி விற்பது நடக்காது என்று தெரிந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "தள்ளுங்க, நான் மாட்டித் தர்றேன். இதென்ன பெரிய வித்தையா? எல்லாம் போன்ல இருக்கு."

வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் மண் முற்றம். வேனை அங்கேதான் நிறுத்தியிருந்தாள். சமையலறை வாசலில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் வலதுபக்கமும் அதன் அடிப்பாகமும் நன்றாகத் தெரியும். வானம் மூடிக்கொண்டு, காற்றில்லாமல் புழுக்கமாக இருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினாள். ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினாள். தூக்கிய வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் அந்தப் பூட்டிய பட்டறையில் இருந்தன. அவர் விழுந்தபின் கூட்டாளி இரவல் வாங்கிப் போனவை. அதனால், சக்கரத்தைக் கழற்றியதும் அவர் எப்போதும் செய்வதை அவளும் செய்தாள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் படுக்கவைத்துத் தள்ளினாள். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி அந்தச் சக்கரத்தின்மேல்தான் உட்காரும், ஆள்மேல் உட்காராது. திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அது சம்மதம்.

பேட்டுகளைப் பிடித்திருக்கும் காலிபரின் போல்ட் இரண்டும் வந்துவிட்டன. பிரேக் ஆயில் குழாய் இழுபடாமல் காலிபரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். அதைத் தாங்கும் சட்டத்தையும் கழற்றினாள். பழைய டிஸ்க்தான் வரமாட்டேன் என்றது. பல வருடத் துரு அதை, சக்கரம் பூட்டும் ஹப்போடு ஒட்டவைத்திருந்தது. எண்ணெய் விட்டாள். சுத்தியலால் தட்டினாள். அசையவில்லை.

"சரி, சரி" என்றார் அவர். இடது கையில் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்கணுமா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். மறுபடி இரண்டு விரல்.

"ரெண்டாவது மாத்திரையா? சாப்பிட்டாச்சே."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். அன்றைய கணக்கில் அது அவள் தவறவிட்ட முதல் தடவை.

"முன்னாடி தட்டினா வராது அண்ணி" என்றான் கொழுந்தன். ஒரு கல்லின்மேல் சாய்த்து வைத்த போனில் யாரோ ஒருவன் சத்தம்போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். "பின்னாலேர்ந்து அடிக்கணும். நான் உள்ள படுத்து ரெண்டு போடு போடுறேன், வந்துடும்."

அப்போது வீட்டுக்குள் அவளுடைய போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டீச்சரம்மா.

"நாளைக்கு வருவியாம்மா? இல்ல நான் வேற ஏற்பாடு பண்ணணுமா? வெள்ளிக்கிழம நீ ஓட்டின விதத்தப் பார்த்தா எனக்குத் தூக்கமே வரல."

"வருவேன் டீச்சர். வேலை நடந்துக்கிட்டிருக்கு."

"யாரு பார்க்கிறா?"

"நாங்கதான்."

"எதுக்கும் பார்த்து, கவனமாப் பண்ணு" என்றுவிட்டு டீச்சரம்மா போனை வைத்தார்.

பேச்சு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. சமையலறையின் தகரக்கூரை பறைபோல முழங்கியது. சுத்தியல் சத்தம் அதற்குள் டங் டங் என்று கேட்டது. அடுப்பில் இருந்த தேநீரை இறக்கினாள்.

"சரி" என்றது வாசல். பிறகு கொஞ்சம் உரக்க, "சரி! சரி!"

தேநீருக்கு அவசரப்படுகிறார் என்று நினைத்தாள். "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே டம்ளரில் ஊற்றினாள்.

"சரி சரி சரி சரி!"

"ஆமாண்ணே, சரியாத்தான் போகுது! நீ கவலைப்படாதே!" வண்டிக்கடியிலிருந்து கொழுந்தனின் குரல்.

டம்ளரோடு வாசலுக்கு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தேநீர் கேட்கிற முகம் இல்லை அது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை நாற்காலியின் கையை அடித்துக்கொண்டே இருந்தது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. அந்தக் கண் போகும் வழியில் அவள் கண்ணும் போயிற்று.

ஜாக்கி சாய்ந்திருந்தது.

கொஞ்சம்தான். சுவரில் மாட்டிய படம் கோணியிருக்கிற அளவு. அடியில் இருந்த பலகையின் ஒரு முனை சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் வண்டி குலுங்க, பலகை இன்னும் ஒரு நூல் இறங்கியது. மார்பு வரை வண்டிக்கடியில் இருந்தான் அவன். கால் இரண்டும் மழையில் நீட்டிக் கிடந்தன. அவள் உள்ளே தள்ளி வைத்திருந்த சக்கரம் அங்கே இல்லை. படுக்க இடம் போதவில்லை என்று அவன் அதை இழுத்து வெளியே சுவரோரம் சாய்த்துவிட்டிருந்தான்.

டம்ளர் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

"தம்பி! வெளிய வாங்க! ஜாக்கி சாயுது!"

"என்ன அண்ணி?"

"வெளிய வாங்க! வண்டி இறங்குது!"

"மழைதானே, நனைஞ்சா நனையட்டும்! அசைஞ்சு குடுக்குது அண்ணி, இன்னும் ரெண்டே அடி!"

டங். வண்டி குலுங்கியது.

அவள் மழையில் இறங்கி ஓடினாள். காலைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று குனிந்தாள். இழுக்கிற இழுப்பில் அவன் உடம்பு ஜாக்கியில் இடித்துவிட்டால்? கை நடுவழியில் நின்றுபோயிற்று. முழங்காலைத் தட்டினாள். "தம்பி, கேளுங்க, சொல்றதக் கேளுங்க!"

"ஐயோ அண்ணி, நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. அண்ணன்கிட்ட கேளுங்க, அவரே சரின்னு சொல்லிக்கிட்டிருக்காரு!"

"சரி! சரி! சரி!" என்று வாசலில் அவர் அலறிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த அலறல் நின்றது. சட்டென்று நின்றதால் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். தம்பியின் கால்களைப் பார்த்தார். தனக்கு முன்னால் இருந்த மூன்று படிகளைப் பார்த்தார். நல்ல கையை நாற்காலியில் ஊன்றி, நல்ல காலை உந்தி எழுந்தார். ஆள் பிடிக்காமல் அவர் எழுந்து நின்று எத்தனையோ மாதமாகிவிட்டது. ஒரு நொடி நின்றார். பிறகு முன்னால் சாய்ந்தார். சாய்ந்தாரா, தன்னைத்தானே தள்ளிக்கொண்டாரா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

நாற்காலி கவிழ, படியில் புரண்டு, பாத்திரங்கள் வைத்திருந்த பலகையை இழுத்துக்கொண்டு அவர் முற்றத்துச் சேற்றில் வந்து விழுந்தார். பாத்திரம் அத்தனையும் உருண்டு சிதறின.

"ஐயோ! அண்ணன் விழுந்துட்டாரு!" என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அண்ணே!"

அண்ணி அத்தனை சொல்லியும் வராதவன், பாம்பு மாதிரி சரேலென்று நெளிந்து வெளியே வந்தான். சுத்தியலைப் போட்டுவிட்டு, எழுந்தும் எழாமலும் கையையும் காலையும் ஊன்றி ஓடினான். அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். "அண்ணே, அடிபட்டுச்சா? எங்கண்ணே?"

அவன் முதுகுக்குப் பின்னால் வண்டி விழுந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. மழை இருந்ததால் ஒரு கனத்த 'தொம்', அதோடு இரும்பு இரும்பை உரசும் ஓசை, அவ்வளவுதான். ஜாக்கி வழுக்கிப் பறந்து சுற்றுச்சுவரில் மோதியது. பழைய டிஸ்க் சேற்றில் பாதி புதைய, வேன் முன்பக்கம் ஒரு தோளைத் தாழ்த்தி உட்கார்ந்தது. கல்லின்மேல் இருந்த போன் அடியில் நொறுங்கியது. விளக்கிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றுபோனான்.

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே இப்போது ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கியது. அவர் இடது கையைத் தூக்கி அவன் தலையில் வைக்கப் பார்த்தார். கை பாதி தூரம் வந்து, வலியில் முகம் சுளிக்க, திரும்ப விழுந்தது.

அந்தக் கைதான் அடிபட்டிருந்தது. இருந்த ஒரே நல்ல கை. பத்து நிமிடத்துக்குள் மணிக்கட்டு வீங்கி உருண்டுவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கொத்தனார் குடையைக்கூட விரிக்காமல் ஓடிவந்தார். ஒரு பார்வை பார்த்ததும் அவருக்கு நடந்தது விளங்கிவிட்டது. கொத்தனாரும் கொழுந்தனுமாக அவரைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கிறது, அது மூன்று சக்கரத்தில் சேற்றில் கிடக்கிறது. கொத்தனார் தெருமுனைக்குப் போய் ஒரு வாடகை வண்டி கூட்டிவந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். "நீங்க... நீங்க இதப் பாருங்க." வேன் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினான்.

அவர் வண்டியில் ஏறும்போது அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

மழை விட்டதும் கொத்தனார் தன் வேலைச் சாமான்களிலிருந்து சாரம் கட்டும் தடித்த பலகைகளையும் கான்கிரீட் கட்டைகளையும் கொண்டுவந்தார். "வண்டியப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது தங்கச்சி. ஆனா கனமானத எப்படித் தூக்கி நிறுத்தறதுன்னு தெரியும்" என்றார். சேற்றை வழித்து எறிந்து, பலகையைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அதன்மேல் ஜாக்கியை வைத்தார். அங்குலம் அங்குலமாக அவள் தூக்கத் தூக்க, கொத்தனார் ஜாக்கிக்குப் பக்கத்திலேயே கட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் அவள் சக்கரத்தையும் உருட்டிவந்து அடியில் தள்ளினாள். கொத்தனார் வண்டியைத் தோளால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

ஆனால் டிஸ்க் இன்னும் ஹப்போடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சுத்தியலைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சக்கரத்து போல்ட் போகும் பெரிய ஓட்டைகளுக்கு நடுவில், எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டைகள். உள்ளே மரை வெட்டியிருந்தது.

இரண்டு.

பழைய டிஸ்க்கைத் துணியால் துடைத்தாள். துருவும் அழுக்கும் அடைத்திருந்தாலும் அங்கேயும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கம்பியால் குடைந்து சுத்தம் செய்தாள். கருவிப்பெட்டியின் அடியில், ஒரு பழைய துணியில் முடிந்து, அதே அளவில் இரண்டு போல்ட் கிடந்தன. அவற்றை அந்த ஓட்டைகளில் விட்டு, இதில் ஒரு சுற்று அதில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினாள். போல்ட்டின் முனை ஹப்பை முட்ட முட்ட, டிஸ்க் உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டது. 'டக்' என்று துரு விட்டது. சுத்தியலே தேவைப்படவில்லை. பெட்டியின் மூடியைத் திறக்கிற மாதிரி டிஸ்க் கையோடு வந்தது.

அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு, சேறு படிந்த கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கொத்தனார் கேட் பக்கம் போய் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வேலை ஓடியது. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைச் சொட்டுகூட விடாமல் துடைத்தாள். காலிபருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டனை, கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தினாள். புதுப் பேட்டை வைத்துப் பூட்டினாள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பிறகு, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். வலதுபக்கம் முடிந்து இடதுபக்கத்துக்குப் போனபோது கை தானாகவே வேலை செய்தது. அதுவரை யாரோ நீட்டும் கையில் ஸ்பேனரை வைத்தே பழகியவள், இப்போது தானே எடுத்து, தானே போட்டு முறுக்கினாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் வண்டி நான்கு சக்கரத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். கால் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போயிற்று.

எதை மறந்தோம்? எந்தக் குழாய் அறுந்தது? இறங்கிக் குனிந்து பார்த்தாள். எங்கும் கசிவு இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இப்படி ஒரு வேலை முடிந்ததும் அவர் என்ன செய்வார் என்று யோசித்தாள். அவள் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருமே. புசுக், புசுக், புசுக் என்று. ஆமாம். உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வந்து பேட்டைப் பிடிக்க வேண்டாமா? மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். மெல்ல மெல்லக் கால் மேலே எழும்பியது. கடைசியில் பெடல் கல்லாக நின்றது. மூடியைத் திறந்து பிரேக் ஆயிலின் அளவைப் பார்த்தாள். சரியாக இருந்தது.

காலியான தெருவில் நடக்கிற வேகத்தில் போய் நிறுத்தினாள். பிறகு கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தினாள். பல தடவை, மெதுவாக, பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும் வரை. கொத்தனார் ஏறி உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா என்றுவிட்டாள். ஏதாவது ஆனால் தனக்கு மட்டும் ஆகட்டும் என்றுதான். ஒன்றும் ஆகவில்லை.

அவர்கள் திரும்பி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அவருடைய இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. மணிக்கட்டு எலும்பில் கீறல், மூன்று வாரம் அசைக்கக் கூடாதாம். அதுவரை அவரால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. விரல் காட்டிப் பேசவும் முடியாது. ஆனால் அவர் படியில் ஏறாமல், தம்பியின் தோளில் சாய்ந்தபடி வேனையே பார்த்தார். அவள் சக்கரத்தின் இடைவெளிகள் வழியாக டார்ச் அடித்துக் காட்டினாள். புது டிஸ்க் வெள்ளித்தட்டாகப் பளபளத்தது.

"ரெண்டு ஓட்டை" என்றாள். "ரெண்டு போல்ட். நான்தான் மக்கு, மாத்திரைன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழவும் ஆரம்பித்துவிட்டார். இரண்டும் கலந்து வந்ததால் எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் மேட்டில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையில் அடங்கிக் கிடந்தது. டீச்சரம்மா முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடியே கடைசிவரை வந்தார். கீழே வந்ததும் பிடியை விட்டு, "பாஸ்" என்றார். மற்ற மூன்று பேரும் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் காலை அவள் புறப்படுமுன் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொழுந்தன் சவரப்பெட்டியோடு நின்றிருந்தான். "நீங்க வண்டி எடுங்க. அண்ணன நான் பார்த்துக்கறேன்" என்றான். மறுநாளும் வந்தான். மூன்று வாரமும் கடைசி நாள் வரை வந்தான். குளிப்பாட்டினான், ஊட்டினான், முகம் வழித்துவிட்டான். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியிடம் பேசியவன், இப்போது நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து அண்ணனிடம் பேசினான். அந்த முகத்தைத் தினமும் அத்தனை பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், எந்த 'சரி' ஆமாம், எந்த 'சரி' இல்லை என்பது அவனுக்கும் பிடிபட ஆரம்பித்தது. சில நாள் அவளைவிட முந்திக்கொண்டான்.

அதற்காக அவன் கருத்து மாறிவிட்டதென்று நினைக்க வேண்டாம். கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள், பாதி முகம் சோப்பு நுரையில் இருக்கும்போது ஆரம்பித்தான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த வேன வித்துட்டு, நல்லதா ஒரு வண்டி..."

"சரி! சரி சரி!"

"ஆட்டாதண்ணே, கன்னம் கிழிஞ்சிடும்! இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன், ஏன் நுரையெல்லாம் என் மேல துப்புற?"

டிரைவரம்மா சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யார் ஜெயிக்கிறார்கள் என்று நின்று பார்க்க நேரமில்லை. மழை வரும்போல் இருந்தது. டீச்சரம்மா இந்நேரம் பையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்று, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.